போன் படிக்கப் போயிருக்கிறது

சர்வதேசப் பள்ளித் தலைவர்கள் மேம்பாட்டு வாரியத்திலிருந்து வந்த கடிதத்தை முதல்வரம்மா எழுந்து நின்று படித்தார். வாரியத்தின் மேல் இருந்த மரியாதையால் அல்ல. மூன்றாவது பீரியட் மணி அடித்துவிட்டது, அவர் ஐந்தாம் வகுப்பு பி பிரிவுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

கடிதம் இப்படி இருந்தது:

"தங்கள் பள்ளியின் முதல்வர் கடந்த பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு மணி நேரம்கூட வளர்ச்சி அடையவில்லை என்பது எமது பதிவேடுகளைக் கூர்ந்து ஆராய்ந்ததில் தெரியவருகிறது. ஆகவே, இவ்வாண்டு முடிவதற்குள் மேற்படி முதல்வர் இருநூற்று நாற்பது மணி நேரம் வளர்ந்தாக வேண்டும். தவறும்பட்சத்தில் பெயர்ப்பலகையிலிருந்து 'சர்வதேச' என்னும் சொல் நீக்கப்படும் என்பதையும், வளர்ச்சியடைந்த வேறொரு முதல்வர் நியமிக்கப்படுவார் என்பதையும் மிகுந்த மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

முதல்வரம்மா தாளைத் திருப்பிப் பார்த்தார். நல்ல கெட்டித் தாள். மடித்தால் ஓரம் கிழியாது. பி பிரிவில் இன்று எட்டில் மூன்று பங்கு நடத்த வேண்டும், அதற்குத் தோதாக இருக்கும். வாரியம் அனுப்புகிற சுற்றறிக்கைகளை இரண்டாக, நான்காக, எட்டாக மடித்துத்தான் அவர் பத்தொன்பது வருஷமாகப் பின்னம் சொல்லிக்கொடுத்துவந்தார். சுற்றறிக்கைகளால் கல்விக்கு விளைந்த நேரடி நன்மை என்று பார்த்தால் அது ஒன்றுதான்.

பள்ளியில் காலை ஏழு மணிக்கு வந்து பூட்டைத் திறப்பதிலிருந்து, வராத ஆசிரியருக்கு ஆள் பிடிப்பது, வாந்தி எடுத்த பிள்ளையைத் துடைத்துவிடுவது, கோபமாக வரும் அப்பாக்களை உட்காரவைப்பது வரை எல்லாம் அவர் தலையில்தான். அதையெல்லாம் அவர் கடமை என்று செய்தார். மூன்றாவது பீரியடை மட்டும் ஆசையாகச் செய்தார். அந்த நாற்பது நிமிஷம் இல்லாவிட்டால் மற்ற ஒன்பது மணி நேரத்தை யார் தாங்குவார்கள்?

அன்று கதவைத் தாண்டுவதற்குள் தாளாளர் ஓடி வந்துவிட்டார். தாளாளர் என்பது பெரிய பதவி. ஆள் முதல்வரம்மாவின் சொந்தத் தம்பி. முதலில் அவரிடம் இருந்தது டைல்ஸ் கடை. மிச்சமான டைல்ஸுக்காக ஒரு கட்டடம் கட்டினார், சும்மா கிடந்த கட்டடத்துக்காக ஒரு பள்ளிக்கூடம் வைத்தார், பள்ளிக்கூடத்துக்காக அக்காவைக் கூட்டி வந்தார். இன்றைக்கும் அங்கே எந்த இரண்டு அறையிலும் தரை ஒரே மாதிரி இருக்காது. முதல்வர் அறையில் நீச்சல் குளத்து டைல்ஸ்.

"அக்கா, கடிதம் பாத்தியா?"

"பாத்தேன். எட்டா மடிக்கலாம்."

"மடிக்காதக்கா! அது வாரியம்! நீ நாளைக்கே பயிற்சிக்குப் போற."

"டேய், நான் தினம் பத்து மணி நேரம் இங்கதான கெடக்கேன்? அதுல ஒரு இருநூத்து நாப்பதை எடுத்துக்கச் சொல்லு."

"அது வேலைக்கா. வளர்ச்சியில்ல."

"ரெண்டுக்கும் என்னடா வித்தியாசம்?"

"எனக்கு எப்படித் தெரியும்? ஆனா அந்த 'சர்வதேச' இருக்கு பாரு, அத வெளிநாட்டுக் கிரானைட்ல செஞ்சு சுவரோட வச்சுப் பூசியிருக்கேன். அத எடுத்தா முன்சுவரே கூட வந்துடும். நல்லா இருப்ப, போயிட்டு வாக்கா."

தம்பி கெஞ்சினால் அவருக்குத் தாங்காது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான் காரியம் சாதிப்பான்.

பயிற்சி நடந்த இடம் இரண்டு தெரு தள்ளி ஒரு ஓட்டலின் மாடி அரங்கம். வாசலில் வெல்வெட் துணி விரித்த ஒரு தட்டு. உள்ளே போகிறவர்கள் போனை அதில் வைத்துவிட்டுப் போக வேண்டும். அந்தப் போனில் வாரியத்தின் 'வளர்ச்சிமானி' என்ற செயலி இருக்கும். போன் அரங்கத்தில் இருக்கும் நேரமெல்லாம் அதன் சொந்தக்காரர் வளர்ந்துகொண்டிருப்பதாக வாரியம் கணக்கில் எடுத்துக்கொள்ளும். எவ்வளவு நேர்மையான ஏற்பாடு! யாரும் ஏமாற்ற முடியாது பாருங்கள்.

உள்ளே இருபத்திரண்டு முதல்வர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பயிற்சியாளர். கோட்டு, கழுத்தில் ஒரு மைக், முகத்தில் எந்நேரமும் ஒரு புன்னகை. அந்தப் புன்னகைக்கும் அவருக்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

"உங்களை ஒரு உயிரினமா நினைச்சு அறிமுகம் பண்ணிக்கங்க."

"கழுகு," என்றார் முதல் ஆள். அடுத்தவரும் கழுகு. அதற்கடுத்தவர் சிங்கம். வட்டம் சுற்றி வருவதற்குள் பதினான்கு கழுகு, ஏழு சிங்கம் ஆகிவிட்டது. முதல்வரம்மாவின் முறை வந்தது.

"எறும்பு."

இரண்டு கழுகுகள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தன.

"எறும்பா?" பயிற்சியாளரின் புன்னகை முதல்முறையாக ஆட்டம் கண்டது. "மேடம், எறும்பு வேலை செய்யுமே!"

"செய்யும் சார்."

"சரி, இன்னிக்குக் காலைல நீங்க என்ன பண்ணினீங்க? மறைக்காம சொல்லுங்க."

"கேட் பூட்டைத் திறந்தேன். தண்ணித் தொட்டிக்கு மோட்டார் போட்டேன். ரெண்டாங்கிளாஸ் மிஸ் வரல, அதனால..."

"போதும்!" பயிற்சியாளர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஒரு சிங்கம் பாவமாக உச்சுக்கொட்டியது. "பாருங்க மேடம், தலைவர் ஒரு வேலையைச் செஞ்சா, அந்த வேலையச் செஞ்சு வளர வேண்டிய இன்னொருத்தரோட வளர்ச்சியைத் திருடுறார். நீங்க எத்தனை வருஷமா திருடுறீங்க?"

"பத்தொன்பது வருஷமா சார்," என்றார் முதல்வரம்மா, வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

"வகுப்பும் எடுக்கறீங்களா?"

"ஒரே ஒரு பீரியட். பின்னம்."

பயிற்சியாளர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு பலகையில் பெரிதாக எழுதினார்: 'இன்மைக் குறியீடு.' தலைவர் இல்லாதபோது பள்ளி எவ்வளவு நன்றாக நடக்கிறதோ, அவ்வளவுக்கு அவர் நல்ல தலைவர். ஆகவே எவ்வளவு அதிகம் இல்லாமல் இருக்கிறாரோ, அவ்வளவு மிகச் சிறந்த தலைவர். அறவே இல்லாதவர்தான் உச்சம். அப்படிப்பட்டவருக்கு ஐந்து நட்சத்திரம்.

பக்கத்து நாற்காலியில் இருந்த கழுகு மெதுவாகச் சாய்ந்தது. வழுக்கைத் தலை, சோர்ந்த கண், நல்ல மனுஷர். "எனக்கு நாலு நட்சத்திரம்மா. ஸ்கூலப் பாத்து மூணு வருஷம் ஆச்சு."

"எத்தனை பிள்ளைங்க சார் உங்க ஸ்கூல்ல?"

"போன பயிற்சியிலயும் இதான் கேட்டாங்க. 'எண்ணிக்கைக்குள் அடங்காத ஆற்றல்'னு எழுதினேன். முழு மார்க்."

சாயங்காலம் தம்பிக்கு வாரியத்தின் பரிந்துரை போய்ச் சேர்ந்துவிட்டது. ஐந்தாம் வகுப்பு பி பிரிவின் முப்பத்தொரு பிள்ளைகளும் இனி பின்னத்தை ஆளுக்கொரு டேப்லெட்டில் தாமாகவே கற்றுக்கொள்வார்கள். வகுப்பு வாசலில் ஒரு கருவி மாட்டப்படும். உள்ளே எந்தெந்த டேப்லெட் இருக்கிறது, எந்த ஆசிரியரின் போன் இருக்கிறது என்று அதுவே மோப்பம் பிடித்து வருகைப்பதிவு போட்டுவிடும். தம்பி ஒரே வாரத்தில் மாட்டிவிட்டார். டைல்ஸ்காரர் சுவரில் எதையாவது ஒட்டுவதென்றால் தாமதம் செய்வாரா?

"அப்போ என் பீரியட்?"

"அதான் டேப் நடத்துமேக்கா."

"அதுக்கு மடிக்கத் தெரியுமாடா?"

"அதுவே மடங்குமாம். லேட்டஸ்ட் மாடல்."

முதல்வரம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அழவில்லை, ஆனால் அன்றிரவு ஆறிப்போன தோசைபோல் முகத்தை வைத்துக்கொண்டிருந்ததாக வீட்டுக்காரர் சொன்னார். எட்டில் மூன்றுக்கும் மூன்றில் எட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் பாதியில் நிற்கிற முப்பத்தொரு பிள்ளைகள்! யாரை நம்பி விட்டுவிட்டு வந்தார்?

பயிற்சியின் எட்டாம் நாள் காலை பத்தரைக்கு விளக்குகள் அணைந்தன. "இப்ப உள்நோக்குப் பயணம்," என்றது பயிற்சியாளரின் குரல். "எல்லாரும் கண்ண மூடுங்க. ஒரு மணி நேரம் பத்து நிமிஷம். நானும் மூடுறேன். உங்களுக்குள்ள இருக்கிற தலைவரைத் தேடிப் போங்க."

முதல்வரம்மா தேடிப் பார்த்தார். உள்ளே தலைவர் யாரும் இல்லை. ஒரு கடிகாரம்தான் இருந்தது. பத்து முப்பத்தெட்டு, பத்து முப்பத்தொன்பது. பத்தே முக்காலுக்கு மூன்றாவது பீரியட். இரண்டு தெரு. ஓடினால் ஆறு நிமிஷம்.

எழுந்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கழுகுகளுக்கும் சிங்கங்களுக்கும் நடுவே பூனை மாதிரி நடந்து வெளியே வந்தார். படியில் இறங்கியதும் ஒரே ஓட்டம். ஐம்பத்து மூன்று வயசில், புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஒரு பள்ளி முதல்வர் தன் சொந்தப் பள்ளிக்கூடத்தின் பின்பக்கக் கேட் வழியாகத் திருடிபோல நுழைந்ததை அந்தத் தெரு அன்றுதான் பார்த்தது.

"முப்பத்தொரு மாணவர்கள். முழு வருகை. வாழ்த்துகள்," என்றது வாசல் கருவி. "ஆசிரியர் வரவில்லை."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "மிஸ், நீங்க வரலையாம் மிஸ்!"

"வரலன்னே வச்சுக்கங்க. டேப்பை மூடுங்க. பேப்பரை எடுங்க."

முன்பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். எதையும் கேட்காமல் விடமாட்டாள். "உங்க போன் எங்க மிஸ்? அது இருந்தாதான மெஷின் உங்கள ஒத்துக்கும்?"

முதல்வரம்மாவுக்கு மூச்சு வாங்கியது. யோசித்துப் பேச நேரமில்லை. "அது படிக்கப் போயிருக்கு."

"போன் படிச்சா நீங்க பாஸாயிடுவீங்களா மிஸ்?"

"ஆயிடுவேன். மடி, மடி, முதல்ல ரெண்டா மடி."

அந்தப் பெண் மடித்தாள். ஆனால் முகத்தில் ஒரு யோசனை வந்து உட்கார்ந்தது. முதல்வரம்மா அதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் பின்னத்தைப் பற்றி யோசிக்கிறாள் என்றுதான் மகிழ்ந்திருப்பார்.

பதினொன்று முப்பத்தைந்துக்கு அவர் மறுபடி தன் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் பயந்துகொண்டே போனை எடுத்துப் பார்த்தார். 'இன்று ஆறு மணி நேரம் வளர்ந்திருக்கிறீர்கள்' என்று இருந்தது. பக்கத்தில் ஒரு செடியின் படம் வேறு.

மறுநாளும் ஓடினார். அதற்கு மறுநாளும். கைப்பையில் ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ வந்து சேர்ந்தது. நான்காம் நாள் திரும்பி வந்து உட்காரும்போது இருட்டில் ஒரு குரல். "எறும்பம்மா."

முதல்வரம்மா திரும்பினார். பக்கத்து நாற்காலிக் கழுகு ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"சார், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. என் வகுப்பு, ஒரே ஒரு பீரியட்தான்..."

"நான் ஏன் சொல்றேன்? நாளைக்கு நானும் போகலாமான்னுதான் கேக்கறேன். என் ஸ்கூல ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன்மா. ஆசையா இருக்கு."

போனார். சாயங்காலம் வாடிய முகத்தோடு வந்தார். "கேட்ல வாட்ச்மேன் புதுசு. 'யாரப் பாக்கணும்?'னான். 'பிரின்சிபல்'னேன், நான்தான்னு சொல்ல வர்றதுக்குள்ள 'அவர் பயிற்சிக்குப் போயிருக்காரு, உக்காருங்க'ன்னுட்டான். ரெண்டு மணி நேரம் எனக்காக நானே காத்துக்கிட்டிருந்தேன்."

"நான்தான் அவர்னு சொல்ல வேண்டியதுதான சார்?"

"சொன்னேன். 'எங்க பிரின்சிபலுக்கு நாலு நட்சத்திரம். அவரு இப்படி ஸ்கூல் பக்கமெல்லாம் வரமாட்டாரு'ன்னான்."

கழுகு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. ஒரே வாரத்தில் மற்ற கழுகுகளுக்கும் தெரிந்தது, பிறகு சிங்கங்களுக்கும். பத்தரைக்கு விளக்கு அணைந்ததும் இருட்டில் நாற்காலிகள் ஒவ்வொன்றாக முனகும். ஒருவர் பல் வைத்தியரிடம் போனார், ஒருவர் மகளை ஊருக்கு வண்டி ஏற்றிவிடப் போனார், ஒருவர் வீட்டுக்குப் போய்த் தூங்கினார். மூன்று பேர் உண்மையாகவே தங்கள் பள்ளிகளுக்குப் போய் வேலை செய்தார்கள், யாரும் பார்த்துவிடாமல். அவர்களை மற்றவர்கள் கொஞ்சம் தாழ்வாகத்தான் நினைத்தார்கள்.

வெல்வெட் தட்டில் இருபத்திரண்டு போன்களும் கண்ணும் கருத்துமாக வளர்ந்துவந்தன.

ஒரு நாள் முதல்வரம்மா பி பிரிவிலிருந்து ஓடி வந்து கதவைத் திறந்தபோது அரங்கத்தில் ஒரு ஆள்கூட இல்லை. ஆனால் பயிற்சியாளரின் குரல் மட்டும் கணீர் என்று கேட்டுக்கொண்டிருந்தது. "அருமை... மிக அருமை. கண்ணைத் திறக்காதீங்க. உங்க முகத்துல வர்ற மாற்றத்த நான் பாக்கறேன்..." இருட்டில் தடவிக்கொண்டு மேடைக்குப் போனார். மைக்குக்கு முன்னால் ஒரு குட்டித் தலையணை, அதன்மேல் பயிற்சியாளரின் போன். அது பேசிக்கொண்டிருந்தது. மற்ற இருபத்திரண்டும் கேட்டுக்கொண்டிருந்தன. அவர் எத்தனையோ வகுப்பறைகளைப் பார்த்தவர். இவ்வளவு ஒழுங்கான வகுப்பை வாழ்நாளில் கண்டதில்லை. தொந்தரவு செய்ய வேண்டாமென்று கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, படியில் உட்கார்ந்து பி பிரிவின் நோட்டுகளைத் திருத்தினார்.

இப்படி எல்லாரும் சந்தோஷமாக வளர்ந்துகொண்டிருந்த வேளையில், வாரியத்தின் மதிப்பீட்டாளர் முன்னறிவிப்பு இல்லாமல் பள்ளிக்கு வந்து இறங்கினார். கையில் ஒரு அட்டை, காதில் ஒரு பேனா. தாளாளருக்குத் தலைகால் புரியவில்லை.

"பிரின்சிபல் இருக்காங்களா?" என்றார் மதிப்பீட்டாளர்.

"இல்லவே இல்ல சார்!" என்றார் தம்பி பெருமையாக. "இந்தப் பக்கம் தலை வச்சே படுக்கறதில்ல."

"ரொம்ப நல்லது. போன்ல கூப்பிட்டா எடுப்பாங்களா?"

"எத்தனை தடவ அடிச்சாலும் எடுக்கமாட்டாங்க சார். வேணா அடிச்சுப் பாருங்க."

அடித்துப் பார்த்தார். எடுக்கவில்லை. அட்டையில் ஒரு நட்சத்திரம் விழுந்தது. வளர்ச்சிமானியைத் திறந்து பார்த்தார். முதல்வர் இந்த நிமிஷம் அரங்கத்தில்தான் வளர்ந்துகொண்டிருந்தார். இன்னொரு நட்சத்திரம். இரண்டு பேரும் நடைபாதையில் டைல்ஸ் மாறி மாறி வர நடந்தார்கள். ஐந்தாம் வகுப்பு பி பிரிவின் வாசலுக்கு வந்ததும் தம்பி அப்படியே நின்றுவிட்டார்.

உள்ளே அக்கா. கேன்வாஸ் ஷூவோடு, வாரியத்தின் முத்திரை போட்ட தாளை எட்டாக மடித்து உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஆசிரியர் வரவில்லை," என்றது கருவி.

"இவங்க யாரு?" என்றார் மதிப்பீட்டாளர்.

தம்பி வேகமாகக் கணக்குப் போட்டார். பள்ளிக்குள் முதல்வர் இருக்கிறார் என்று தெரிந்தால் நட்சத்திரம் போச்சு, கிரானைட் போச்சு, முன்சுவரும் போச்சு. "இவங்க... கணக்கு டீச்சர் சார். இன்னும் மெஷின்ல ஏத்தல."

முதல்வரம்மா தம்பியைப் பார்த்தார். தம்பி கண்ணால் கெஞ்சினான். அதே பழைய கெஞ்சல். "ஆமா சார்," என்றார் அவர். "கணக்கு டீச்சர்." சொல்லும்போது மனசுக்குள் ஒரு குளுகுளுப்பு. பொய் மாதிரியே இல்லை.

மதிப்பீட்டாளர் வகுப்பின் பக்கம் திரும்பினார். "இருபத்துநாலுல எட்டில் மூணு பங்கு எவ்வளவு?"

"ஒம்பது!" என்று முப்பத்தொரு தொண்டையும் ஒன்றாகக் கத்தின. கருவிகூட ஒரு கணம் தடுமாறியது. மதிப்பீட்டாளர் மூக்கின்மேல் விரல் வைத்தார். தனக்கே அது தெரிந்திருக்கவில்லை என்பதை அவர் எழுதவில்லை. மற்றதை எல்லாம் எழுதிக்கொண்டு போனார்.

மறுவாரம் செவ்வாய்க்கிழமை வாரியத்திலிருந்து ஒரே உறையில் இரண்டு கடிதங்கள் வந்தன. வாரியத்தின் கடிதங்களில் ஆள் பெயர் இருக்காது, பதவிதான் இருக்கும். பெயரில் என்ன இருக்கிறது, மனுஷர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள் என்பது அவர்கள் கொள்கை.

முதல் கடிதம்: "தங்கள் பள்ளி முதல்வர் பயிற்சி அரங்கத்தில் காட்டிய அசையாத கவனம், இடையூறற்ற மௌனம், ஒரு கேள்விகூடக் கேட்காத பணிவு ஆகியவற்றைப் பாராட்டி, அவரை ஐந்து நட்சத்திரத் தலைவராகவும் வாரியத்தின் மூத்த வழிகாட்டியாகவும் உயர்த்துகிறோம். அவர் நாளை முதல் அரங்கத்திலேயே இருந்து மற்ற முதல்வர்களை வளர்ப்பார்."

இரண்டாம் கடிதம்: "இதனால் காலியாகும் முதல்வர் பதவிக்கு, தங்கள் பள்ளியின் கணக்கு ஆசிரியையை நியமிக்கிறோம். ஆயினும் மேற்படி ஆசிரியை கடந்த பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு மணி நேரம்கூட வளர்ச்சி அடையவில்லை என்பது எமது பதிவேடுகளைக் கூர்ந்து ஆராய்ந்ததில் தெரியவருகிறது. ஆகவே..."

மேலே படிக்க வேண்டியிருக்கவில்லை. மனப்பாடம்தான்.

"அக்கா! ரெண்டு பதவிக்கா உனக்கு!" தம்பி குதித்தார். நீச்சல் குளத்து டைல்ஸ் வழுக்கி விழப் பார்த்தார்.

"டேய், ரெண்டும் அந்த அரங்கத்துலடா. அப்ப என் பீரியட்?"

"அதுக்கென்ன, இன்னொரு போன் வாங்கிட்டேன்ல!" என்று சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். "ஒண்ணு வளத்துக்கிட்டு இருக்கும், ஒண்ணு வளந்துக்கிட்டு இருக்கும். நீ பாட்டுக்கு உன் பின்னத்தை நடத்து. யாரு கேக்கறது?"

முதல்வரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தார். அட, இவ்வளவு சுலபமா! பத்தொன்பது வருஷம் பூட்டைத் திறந்து, மோட்டார் போட்டு, நாயாய் அலைந்தபோது கிடைக்காதது, ஒரு போனைத் தட்டில் வைத்ததும் கிடைத்துவிட்டதே!

புதன்கிழமை காலை ஒரு போனை மேடைத் தலையணையில் வைத்தார், இன்னொன்றை வெல்வெட் தட்டில் வைத்தார். இரண்டு கையையும் வீசிக்கொண்டு ஓடினார். மடிப்பதற்கு அந்த இரண்டு கடிதங்களையும் எடுத்துக்கொண்டிருந்தார். இன்றைக்குப் பின்னங்களைக் கூட்டுவது. வருஷம் முழுக்க அவர் காத்திருக்கிற பாடம். எட்டில் மூன்றும் எட்டில் ஐந்தும் சேர்ந்து முழுசாகும்போது பிள்ளைகளின் முகம் ஒன்றாக மலரும். அந்த ஒரு நிமிஷத்துக்காக இந்த வாரியம் என்ன, இன்னும் பத்து வாரியம் வந்தாலும் தாங்கலாம்.

பின்பக்கக் கேட், தண்ணீர்த் தொட்டி, நடைபாதை. பி பிரிவின் கதவைத் தள்ளினார்.

முப்பத்தொரு மேசை. மேசைக்கு ஒன்றாக முப்பத்தொரு டேப்லெட். அழகாக, நேராக, அசையாமல், ஒரு கேள்விகூடக் கேட்காமல். பிள்ளைகள் ஒருவர்கூட இல்லை.

"முப்பத்தொரு மாணவர்கள். முழு வருகை. வாழ்த்துகள்," என்றது கருவி.

முன்பெஞ்சில் எட்டாக மடித்த ஒரு தாள் இருந்தது. பிரித்தார். முத்து முத்தான கையெழுத்து. "மிஸ், டேப் படிச்சிக்கிட்டு இருக்கு. நாங்க கிரவுண்ட்ல இருக்கோம். கிரவுண்ட்ல எட்டில் ஐந்து பங்கு பேர் கோகோ ஆடுறோம், எட்டில் மூன்று பங்கு பேர் வேடிக்கை பாக்கறோம். ரெண்டையும் கூட்டினா முழு வகுப்பு. ஒருத்தர் மிச்சம் வருது, அவனை ரெஃப்ரியா வச்சாச்சு."

கணக்குச் சரியாக இருக்கிறதா என்று அவர் மனசு முதலில் பார்த்தது. முப்பதில் எட்டில் ஐந்து வராது என்று சிவப்புப் பேனாவைத் தேடியது. அதற்குப் பிறகுதான் தாளை இன்னொரு முறை படித்தார். யாரும் சொல்லிக்கொடுக்காமல், தாமாகவே கூட்டல் போட்டிருக்கிறார்கள். முகம் மலர்ந்ததா என்று பார்க்கத்தான் முகங்கள் இல்லை.

ஜன்னலுக்கு ஓடினார். மைதானத்தில் ஒரே புழுதி, ஒரே கூச்சல். "ஏய்! எல்லாரும் உள்ள வாங்க! யாரு உங்கள வெளிய போகச் சொன்னது? பாடம் நடத்த மிஸ் வந்திருக்கேன்ல?"

ஆட்டம் நின்றது. முன்பெஞ்சுக்காரி இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து பார்த்தாள். அதே நேரத்தில் வாசல் கருவி அறை முழுக்க மோப்பம் பிடித்து முடித்து, மைதானம் வரைக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தது:

"ஆசிரியர் வரவில்லை."

"பாத்தீங்களா மிஸ்!" என்று கத்தினாள் அவள். "நீங்க இன்னும் வரல! வந்ததும் நாங்க வர்றோம்!"

முதல்வரம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தார். இதற்கு என்ன பதில் என்று இருநூற்று நாற்பது மணி நேரப் பயிற்சியில் எங்காவது ஒரு இடத்தில் நிச்சயம் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதை அவருடைய போனிடம்தான் கேட்க வேண்டும்.